நந்தி மலை: ஞாயிறு விடியற்காலை அப்பா அம்மாவோடு போகலாமா?

#1 பாலாற்றங்கரை

வணக்கம். பெங்களூருக்கு வேலைக்கு வந்து நாலு வருடம் ஆகிறது. நந்தி மலைக்கு இன்னும் போனதில்லை என்றால் ஆபீசில் ஒருமாதிரி பார்க்கிறார்கள். இப்போது ஆம்பூரிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்திருக்கிறார்கள், பத்து நாள் இருப்பார்கள். வரும் ஞாயிறு விடியற்காலை மூன்றரைக்குக் கிளம்பி, மேலே சூரியோதயம் பார்த்துவிட்டு, பத்து மணிக்குள் வீடு திரும்பலாம் என்று நினைக்கிறேன். அப்பாவுக்கு வயது 69, நன்றாக நடப்பார். அம்மாவுக்கு மூட்டு வலி, பத்துப் படிக்கு மேல் ஏற மாட்டார்.

அப்பாவுக்கு இந்த மலைமேல் தனி ஆசை. பள்ளிக்கூடத்தில் 'பாலாறு நந்தி துர்க்கத்தில் பிறக்கிறது' என்று மனப்பாடம் செய்தாராம். பிறக்கிற இடத்தை ஒருதரம் பார்க்க வேண்டும் என்கிறார். எங்கள் வீட்டிலிருந்து ஆறு கூப்பிடு தூரம்தான். நான் மணலைத்தான் பார்த்து வளர்ந்தேன், இப்போது அந்த மணலும் இல்லை.

எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்? அம்மாவால் மேலே நடக்க முடியுமா? பாலாறு பிறக்கும் இடம் எந்தப் பக்கம்?

#2 சைக்கிள்சாமி

ஞாயிறு மட்டும் வேண்டாம் நண்பரே. மாதம் இரண்டு முறையாவது அந்த மலை ஏறுகிறேன், சைக்கிளில். அடிவாரத்திலிருந்து ஏழு எட்டு கிலோமீட்டர் ஏற்றம். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை அந்த ஏற்றத்தில் கார்கள் தேர் இழுப்பதுபோல் நகரும். போன மாதம் ஒரு ஞாயிறு, எனக்கு முன்னால் நின்ற காரில் ஒரு குடும்பம், பின்சீட்டில் குழந்தை தூக்கத்தில். நான் மேலே போய், டீ குடித்து, இறங்கி வரும்போதும் அந்தக் கார் மூன்று வளைவு தாண்டித்தான் நின்றிருந்தது. சூரியன் அதற்குள் சுள்ளென்று அடிக்க ஆரம்பித்துவிட்டது. அவர்கள் சூரியோதயத்தை முன்னால் நின்ற வண்டியின் பின்கண்ணாடியில் பார்த்திருப்பார்கள்.

நடு ராத்திரியே கிளம்பினால் கேட்டில் காத்திருக்க வேண்டும். கேட் திறந்தபிறகு போனால் வரிசையில் நிற்க வேண்டும். இரண்டில் எது பிடிக்குமோ பார்த்துக்கொள்ளுங்கள்.

#3 ஹெப்பால்தாத்தா

தம்பி சைக்கிள்சாமி, ரொம்பத்தான் பயமுறுத்துகிறீர்கள். ஆனால் சொல்வதில் தப்பில்லை.

நான் இந்த ஊருக்கு 1979-இல் வந்தவன். அப்போதெல்லாம் நந்திக்குப் போகிறோம் என்றால் புளிசாதம் கட்டிக்கொண்டு, மெஜஸ்டிக்கில் பஸ் ஏறி, ஒரு நாள் முழுக்க இருந்துவிட்டு வருவோம். சூரியோதயம் பார்க்க என்று யாரும் போனதாக எனக்கு நினைவில்லை. வெயிலுக்குத் தப்பத்தான் போவார்கள். வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே அப்படித்தான். மைசூர் கமிஷனராக இருந்த மார்க் கப்பன் மேலே பங்களா கட்டியது வெயிலுக்காகத்தானே. காந்தியும் 1927-இல் உடம்புக்கு முடியாமல் போய் ஓய்வெடுக்க அங்கேதான் வந்து தங்கினார், ஒரு மாதத்துக்கு மேல். 1936-இல் மறுபடியும் வந்தார்.

1986 நவம்பரில் பெங்களூரில் சார்க் மாநாடு நடந்தபோது தலைவர்களை எல்லாம் ஓய்வுக்கு அந்த மலைக்குத்தான் அழைத்துப் போனார்கள். அந்தச் சமயம் வழியெங்கும் போலீஸ், எங்களை மேலே விடவில்லை. அதற்கப்புறம்தான் மலையின் பெயர் ஊரெல்லாம் பரவியது என்று எனக்குத் தோன்றும்.

ஒரு நாள் லீவு போடுங்கள். செவ்வாய், புதன் மாதிரி நாளில் போங்கள். அப்பா அம்மா அடிக்கடி வரப்போவதில்லை.

#4 மேகவேட்டை

'சூரியோதயம் பார்த்துவிட்டு' என்று சொல்வதால் இதைச் சொல்லிவிடுகிறேன். படங்களில் வரும் அந்த வெண்மேகக் கடல் தினமும் இருக்காது. அது எப்படி உண்டாகிறது என்று தெரிந்தால் ஏமாற்றம் பாதி குறையும்.

மழைக்காலம் முடியும் தறுவாயில், அக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரி வரை, தரையில் ஈரம் இருக்கும். இரவில் வானம் தெளிவாக இருந்து காற்றும் அசையாமல் இருந்தால் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடும். தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்து பள்ளத்தில் தேங்கும், அதிலிருக்கும் ஈரம் மூடுபனியாகும். மேலே இருக்கும் காற்று அதைவிடச் சூடாக இருப்பதால் பனி மேலெழாமல் மூடிபோட்ட பானைபோலக் கீழேயே கிடக்கும். நீங்கள் மூடிக்கு மேலே நிற்கிறீர்கள். அதுதான் அந்தப் படம்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை போனால் மேகம் மலை உச்சியிலேயே உட்கார்ந்திருக்கும். அப்போது நீங்கள் பானைக்குள் இருக்கிறீர்கள், பக்கத்தில் நிற்பவர் முகம்கூடத் தெரியாது. மார்ச் ஏப்ரலில் பனியும் இல்லை மேகமும் இல்லை, தூசுமண்டலம்தான்.

ஆகவே முந்தின நாள் மாலை நல்ல மழை பெய்து, ராத்திரி வானம் தெளிந்து நட்சத்திரம் தெரிந்தால் கிளம்புங்கள். ராத்திரி காற்று வீசினால் தூங்குங்கள்.

குளிர் பற்றி: உச்சி 1478 மீட்டர், பெங்களூரு சுமார் 920. கணக்குப்படி மூன்று நான்கு டிகிரிதான் வித்தியாசம் வரும். ஆனால் விடியற்காலைக் காற்று எலும்பைத் தொடும்.

#5 பாலாற்றங்கரை

எல்லாருக்கும் நன்றி. தாத்தா சொன்னதுபோல் புதன்கிழமைக்கு லீவு கேட்டிருக்கிறேன். மேகவேட்டை, உங்கள் பானைக் கணக்கை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். 'இட்லிப் பானையை வைத்துச் சொல்லியிருக்கிறார், நல்ல வாத்தியார்' என்றார்.

அம்மாவின் மூட்டு வலி பற்றி யாரும் சொல்லவில்லையே?

#6 குளிர்காற்று

நான் சொல்கிறேன். போன வருடம் மாமியாரை அழைத்துப் போனேன், அவருக்கும் முழங்கால்தான் பிரச்சினை.

1175 படி என்று கேள்விப்பட்டுப் பயந்துவிடாதீர்கள். அது சுல்தான்பேட்டைப் பக்கத்திலிருந்து மலையேறுகிறவர்களுக்கு இருக்கும் பழைய படிவழி. காரில் போகிறவர்களுக்கு அது கிடையாது. ஆனால் வண்டியை நிறுத்துமிடத்திலிருந்து உச்சி வரைக்கும் ஏற்றப் பாதையில் நடக்கத்தான் வேண்டும். அத்தையை அங்கங்கே உட்கார வைத்து, நாற்பது நிமிடத்தில் கொண்டு சேர்த்தோம். நாங்கள் மட்டும் போயிருந்தால் பத்து நிமிடம். சூரியோதயம் என்று மனதில் வைத்துக்கொண்டு வயதானவர்களை விரட்டாதீர்கள், அன்றைக்கு என் கணவர் செய்தார். அதற்கப்புறம் இரண்டு நாள் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை.

கைத்தடி எடுத்துக்கொள்ளுங்கள். நடக்க மட்டுமல்ல, குரங்குக்கும் உதவும். கையில் பிளாஸ்டிக் பை தெரிந்தால் போதும், சாப்பாடு என்று அதற்குத் தெரியும். எங்கள் பையில் இருந்தது அத்தையின் பிரஷர் மாத்திரை. அதைக்கூடக் கடித்துப் பார்த்துவிட்டுத்தான் துப்பியது.

அம்மாவுக்கு ஸ்வெட்டர் போதாது, காதை மூட ஏதாவது வேண்டும். வழியில் தேவனஹள்ளியிலேயே டாய்லெட் போய்விடுங்கள்.

#7 கல்வெட்டு

எல்லாரும் உச்சியையே பேசுகிறீர்கள். என்னைக் கேட்டால் நந்தியில் பார்க்க வேண்டியது அடிவாரத்தில்தான் இருக்கிறது. நந்தி கிராமத்தில் இருக்கும் போக நந்தீஸ்வரர் கோயிலைத்தான் சொல்கிறேன். மேலே போகிற நூறு காரில் பத்துகூட அங்கே நிற்பதில்லை.

மூன்று சன்னதி. அருணாசலேஸ்வரர், உமா மகேஸ்வரர், போக நந்தீஸ்வரர். அருணாசலேஸ்வரரைக் குழந்தைப் பருவம் என்பார்கள், போக நந்தீஸ்வரரை இளமை என்பார்கள். இல்லறத்தை முடித்துத் துறவு கொண்டவர் மலை உச்சியில் யோக நந்தீஸ்வரராக இருக்கிறார். அதனால் மேலே கோயிலில் திருவிழா ஆரவாரம் கிடையாது, கீழே சிவராத்திரிக்குத் தேர் ஓடும். கீழே கல்யாண மண்டபத்தின் கருங்கல் தூண்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள், கிளியும் கொடியும் நகைக்கடையில் செய்ததுபோல் இருக்கும்.

கோயிலின் பழமை 9-ஆம் நூற்றாண்டு, நுளம்பர், பாணர் என்ற அரச வம்சங்களின் காலம். அதற்கும் முன்பே இந்த மலைக்குப் பெயர் இருந்தது. மேலைக் கங்க அரசர்களின் பட்டங்களில் 'நந்தகிரிநாத' என்பது ஒன்று. அவர்களுடைய குவளாலபுரம்தான் இன்றைய கோலார். 11-ஆம் நூற்றாண்டில் சோழர் இந்தப் பகுதியைப் பிடித்தபிறகு இங்கே சோழர் கைவேலையும் சேர்ந்தது. போக நந்தீஸ்வரர் சன்னதியில் உட்கார்ந்த நிலையில் ஒரு சிலை இருக்கிறது. ராஜேந்திர சோழன் என்று சொல்கிறார்கள். ஆம்பூரிலிருந்து வருகிறவர் அதைப் பார்க்காமல் போகக் கூடாது.

உங்கள் அம்மாவுக்கும் இதுதான் வசதி. சமதரை, நிழல், உட்காரத் திண்ணை. பின்பக்கம் சிருங்கி தீர்த்தம் என்று ஒரு பெரிய படிக்குளம். நாலு பக்கமும் படி, நடுவில் பச்சைத் தண்ணீர். அரைநாள் இருக்கலாம்.

#8 சைக்கிள்சாமி

ஒத்துக்கொள்கிறேன். இத்தனை வருடத்தில் அந்தக் கோயில் வாசலில் இளநீர் குடித்ததோடு சரி, உள்ளே போனது ஒரே தடவை. வெட்கமாக இருக்கிறது.

#9 தங்கவயல்

இழையைத் தாமதமாகப் பார்த்தேன். ஒரு திருத்தம். பாலாறு நந்தி மலையில் பிறக்கவில்லை. கோலார் பக்கம் தலகவாரா கிராமத்தில் பிறக்கிறது. நான் கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்த தமிழன். நாங்கள் குடித்ததே பாலாற்றுத் தண்ணீர்தான். பேத்தமங்கலா ஏரியில் பாலாற்றைத் தேக்கி, அங்கிருந்து சுரங்கத்துக்கும் குடியிருப்புக்கும் குழாயில் கொண்டுவந்தார்கள். 2001-இல் சுரங்கத்தை மூடினார்கள், ஏரி அப்படியே இருக்கிறது. அப்பாவிடம் சொல்லுங்கள், தப்பான மலைக்குப் போகிறார்.

#10 ஹெப்பால்தாத்தா

தம்பி, எங்கள் காலத்துப் புத்தகத்திலும் நந்தி துர்க்கம் என்றுதான் இருந்தது. பழைய புத்தகத்தில் 'கோலார் மாவட்டம்' என்று பார்த்தால் அது நந்தியையும் சேர்த்துத்தான். சிக்கபள்ளாப்பூர் தனி மாவட்டமானது 2007-இல். அந்தக் குழப்பமாக இருக்கலாம்.

#11 தங்கவயல்

மாவட்டக் குழப்பம் இல்லை தாத்தா. தலகவாராவை நேரில் பார்த்திருக்கிறேன்.

#12 ஆற்றுமணல்

பிறக்கிற இடம் எதுவாயிருந்தால் என்ன? அங்கேயே ஏரி ஏரியாகக் கட்டித் தண்ணீரை நிறுத்திவிட்டார்கள். கர்நாடகத்தில் 93 கிலோமீட்டர், ஆந்திரத்தில் 33, நமக்கு 222. நீளம் நமக்கு, தண்ணீர் அவர்களுக்கு. இதைப் பற்றி

[மீதி நெறியாளரால் நீக்கப்பட்டது]

#13 நெறியாளர்

நதிநீர்ப் பிரச்சினைக்குத் தனி இழை இருக்கிறது, அங்கே பேசுங்கள். இங்கே ஒருவர் அப்பா அம்மாவை மலைக்கு அழைத்துப் போக வழி கேட்கிறார்.

#14 மேகவேட்டை

பாலாறு விவகாரத்தில் இரண்டு பேர் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் காவிரிக்குத் தலைக்காவிரி என்று ஒரு குண்டிகையைக் காட்டுவார்கள். நந்திப் பக்கம் அப்படியில்லை, அது மழை குறைந்த மேட்டுநிலம். பாறையில் விழும் மழை ஓடையாகி ஒரு ஏரியில் சேரும், ஏரி நிரம்பிக் கடைவாய் வழிந்து அடுத்த ஏரிக்குப் போகும். நாலு ஏரி தாண்டினபிறகுதான் அதை ஆறு என்று கூப்பிடுகிறார்கள். இதில் எந்த ஏரியைத் தலை என்று சொல்வது?

ஆனால் நந்தியைச் சுற்றியுள்ள மலைகள் தண்ணீர் பிரியும் இடம் என்பதில் சந்தேகமில்லை. ஒரு பக்கம் விழுந்த மழை அர்க்காவதியாகி, ஹெசரகட்டா ஏரி வழியே போய், கனகபுரா தாண்டிக் காவிரியில் சேர்கிறது. பக்கத்துச் சென்னகேசவ மலையில் விழுந்தது தென்பெண்ணையாகி ஓசூர், கிருஷ்ணகிரி, சாத்தனூர் வழியாகக் கடலூர்ப் பக்கம் கடலுக்குப் போகிறது. அங்கேயே வேறு சரிவில் விழுந்தது வடபெண்ணையாகி ஆந்திரத்துக்குள் போய் நெல்லூர் தாண்டுகிறது. ஒரே மேகம், பத்தடி தள்ளிப் பெய்தால் வேறு மாநிலம்.

#15 பாலாற்றங்கரை

அப்பா இதை முழுக்கப் படித்தார். தங்கவயல் அண்ணா சொன்னதைப் படித்ததும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், 'ஐம்பத்தைந்து வருடமாகத் தப்பாகவா சொல்லிக்கொண்டிருக்கிறேன்?' என்றார். மலைக்குப் போவது மட்டும் மாறவில்லை.

#16 சிட்டு

பறவை பார்ப்பவர்கள் யாராவது இந்த இழையைப் படித்தால்: நீலகிரிக் காட்டுப்புறா மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டு இவ்வளவு தள்ளி இந்த உச்சியில் ஒரு சிறு கூட்டமாக இருக்கிறது. மஞ்சள் தொண்டைச் சின்னான் பாறைச் சரிவுகளில் கிடைக்கும். கூட்டம் வரும் முன் நர்சரித் தோட்டப் பக்கம் நில்லுங்கள். பாட்டுப் பெட்டி வேண்டாம், தயவுசெய்து.

#17 குளிர்காற்று

இன்னொன்று. திப்பு டிராப் என்கிற செங்குத்துப் பாறைப் பக்கம் அப்பாவை விளிம்புக்குப் போக விடாதீர்கள். கைதிகளை அங்கிருந்துதான் தள்ளினார்கள் என்று கதை சொல்லிக்கொண்டே எல்லாரையும் எட்டிப் பார்க்க வைப்பார்கள்.

#18 கல்வெட்டு

அது வாய்வழிக் கதை. கோட்டையைச் சிக்கபள்ளாப்பூர்ப் பாளையக்காரர்கள் தொடங்கினார்கள், ஹைதரும் திப்புவும் பலப்படுத்தினார்கள். 1791 அக்டோபரில் கார்ன்வாலிஸ் படை முற்றுகையிட்டுப் பிடித்தது. அவ்வளவு செங்குத்தான மலையைப் பிடித்ததைத்தான் பெரிய சாதனையாக எழுதி வைத்தார்கள். தள்ளிவிட்ட கதையைவிட அந்தச் சண்டை சுவாரசியமானது, ஆனால் அதைச் சொன்னால் யாரும் செல்ஃபி எடுப்பதில்லை. திப்புவின் கோடை மாளிகையும் அங்கே உண்டு, நான் போனபோதெல்லாம் பூட்டுத்தான்.

#19 சைக்கிள்சாமி

விளிம்பு விஷயத்தை விளையாட்டாக எடுக்காதீர்கள். 2022 பிப்ரவரியில் பக்கத்துப் பிரம்மகிரிச் சரிவில் ஒரு மாணவர் வழுக்கி விழுந்து, ஏறவும் முடியாமல் இறங்கவும் முடியாமல் பாறை இடுக்கில் சிக்கிக்கொண்டார். கடைசியில் விமானப்படை ஹெலிகாப்டர் வந்துதான் தூக்கியது. அதற்கு முந்தின வருடம் ஆகஸ்ட் மழையில் மலைப்பாதையே அறுத்துக்கொண்டு போய், சில மாதம் யாரையும் மேலே விடவில்லை. சாலை, கேட் நேரம், வார இறுதிக் கட்டுப்பாடு எல்லாம் அவ்வப்போது மாறும். கிளம்புவதற்கு முந்தின நாள் ஒருதரம் பார்த்துக்கொள்ளுங்கள்.

#20 ஹாஸ்டல்பையன்

அண்ணன்களே அக்காக்களே, கார் இல்லை, பைக் இல்லை, பைக் வைத்திருக்கும் நண்பனும் இல்லை. என்ன வழி?

#21 ஹெப்பால்தாத்தா

ரயில் இருக்கிறதே தம்பி. எலகங்கா, தேவனஹள்ளி வழியாகச் சிக்கபள்ளாப்பூர் போகும் வண்டி நந்தி ஹால்ட்டில் நிற்கும். மைசூர் சமஸ்தானக் காலத்தில் சின்ன ரயில் ஓடிய பாதை அது. ஓட்டுக்கூரை போட்ட பழைய ஸ்டேஷன், அதைப் பார்க்கவே போகலாம். இறங்கினால் கல்வெட்டு சொன்ன கோயில் நடக்கும் தூரம். மலை உச்சிக்கு அங்கிருந்து ஆட்டோதான், பேரம் பேச வேண்டும். மெஜஸ்டிக்கிலிருந்து காலையில் உச்சி வரைக்குமே அரசு பஸ் உண்டு, ஆனால் அதில் போனால் சூரியன் உனக்காகக் காத்திருக்காது.

நேரம் மிச்சமிருந்தால் பக்கத்தில் முத்தேனஹள்ளி இருக்கிறது, விஸ்வேஸ்வரய்யா பிறந்த ஊர். வீட்டை நினைவில்லமாக வைத்திருக்கிறார்கள். இஞ்சினியரிங் படிக்கிறவனாயிருந்தால் அங்கே போய்விட்டு மலைக்குப் போ.

#22 ஹாஸ்டல்பையன்

பி.காம். தாத்தா.

#23 ஹெப்பால்தாத்தா

பரவாயில்லை, திவானாகவும் இருந்தவர். போ.

#24 பாலாற்றங்கரை

போய் வந்துவிட்டோம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், எல்லாரும் இவ்வளவு சொன்னதற்கு.

புதன் விடியற்காலை நாலேகாலுக்குக் கிளம்பினோம். மேம்பாலம் தாண்டியதும் சாலை காலி. மலைப்பாதையில் எங்களுக்கு முன்னால் ஏழெட்டு வண்டிதான். முந்தின ராத்திரி மொட்டை மாடியில் நட்சத்திரம் தெரிகிறதா என்று பார்த்தேன், தெரிந்தது. காற்றும் இல்லை. மேகவேட்டை சொன்ன இரண்டும் சரியாக இருக்கிறதே என்று நம்பிப் போனேன்.

மேலே போனால் ஒன்றுமே தெரியவில்லை. வெள்ளை. பானைக்கு மேலே நிற்க வேண்டியவர்கள் பானைக்குள்ளேயே நின்றோம். கைப்பிடிக் கம்பிக்கு அந்தப் பக்கம் மலை இருக்கிறதா, பள்ளம் இருக்கிறதா என்றே தெரியவில்லை. அம்மா சால்வையைக் காதைச் சுற்றி இறுக்கிக்கொண்டு, 'இந்த வெள்ளைச் சுவரைப் பார்க்கவா மூன்றரைக்கு எழுப்பினாய்? நம்ம வீட்டுச் சுவரும் வெள்ளைதானே' என்றார். பக்கத்தில் நின்ற காலேஜ் பையன்கள் தமிழ் போல, சிரித்துவிட்டார்கள்.

குளிர்காற்று அக்கா சொன்னதுபோல் அம்மாவை விரட்டவில்லை. மூன்று இடத்தில் உட்கார்ந்து, முக்கால் மணி நேரத்தில் யோக நந்தீஸ்வரர் கோயில் வரை வந்துவிட்டார். கோயில் உள்ளே நல்ல இருட்டு, ஈரம், சில்லென்ற கல். கூட்டம் இல்லாததால் பூசாரி நிதானமாகத் தீபாராதனை காட்டினார். அம்மாவுக்கு அதுவே போதுமாக இருந்தது.

எட்டேகாலுக்கு மேகம் திடீரென்று கிழிந்தது. பத்து நிமிடம் இருக்கும். கீழே ஏரிகள். ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தார் அப்பா, பதினொன்று வரை எண்ணினார். நான் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தேன், அவர் எண்ணிக்கொண்டிருந்தார். 'மேகவேட்டை சொன்னார் இல்லையா, ஒன்று நிரம்பி அடுத்ததுக்குப் போகும் என்று? பார், சரம் மாதிரி இருக்கிறது' என்றார். அப்புறம் மறுபடி மூடிக்கொண்டது.

காவலாளி ஒருவரிடம் எனக்குத் தெரிந்த கன்னடத்தில் 'பாலாறு எல்லி?' என்று கேட்டேன். அவர் யோசித்து, 'அர்க்காவதி இருக்கிறது' என்றார். அப்பா என்னைப் பார்த்தார், நான் மரத்தைப் பார்த்தேன்.

குரங்கு அம்மாவின் பையை இழுத்தது. கைத்தடியைத் தரையில் தட்டினார், போய்விட்டது. பிஸ்கட் பாக்கெட் மட்டும் அதன் கையில்.

கீழே வந்து கோயிலில் இரண்டரை மணி நேரம் இருந்தோம். கல்வெட்டு சாருக்கு அம்மா தனியாக நன்றி சொல்லச் சொன்னார். அங்கே அவர்தான் எங்களுக்கு முன்னால் நடந்தார். குளத்தின் மேல்படியில் உட்கார்ந்துகொண்டு, 'மேலே இருக்கிறவர் சாமியார், கீழே இருக்கிறவர் சம்சாரி. சம்சாரிக்குத்தான் நல்ல வீடு கட்டியிருக்கிறார்கள்' என்றார். ராஜேந்திர சோழன் என்று சொல்லும் சிலையையும் பார்த்தோம். கொஞ்சம் சின்னதாக இருக்கிறது, நான் பெரிதாக நினைத்திருந்தேன்.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். சனிக்கிழமை அவர்களை ஊரில் விடக் கிளம்பும்போது அப்பா, 'ஹைவேயில் போக வேண்டாம், தங்கவயல்காரர் சொன்ன வழியில் போகலாம்' என்றார். கோலார் தாண்டி, பேத்தமங்கலா போய், வி.கோட்டா வழியாக மலை இறங்கிப் பேரணாம்பட்டு, ஆம்பூர். பேத்தமங்கலா ஏரியில் தண்ணீர் இருந்தது, இந்த வருடம் மழை உண்டு. அப்பா கரையிலிருந்து இறங்கி, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு முழங்கால் வரை நின்றார். அம்மா காரை விட்டே இறங்கவில்லை, 'ஆம்பூரில் இறங்காத ஆற்றிலா இங்கே வந்து இறங்குகிறீர்கள்' என்று கண்ணாடியை இறக்கிக் கேட்டார்.

ஒரு தண்ணீர் பாட்டிலில் பிடித்துக்கொண்டார். அது எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. அதை என்ன செய்வதாக இருக்கிறார் என்று கேட்கவில்லை.

#25 தங்கவயல்

எங்கள் ஏரிக்கு ஒரு ஆள் வந்து நின்றார் என்று கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது. அடுத்த முறை தலகவாராவுக்கும் போங்கள். தோழமையோடு ஒரு எச்சரிக்கை: அங்கே பார்க்க ஒன்றும் இல்லை, அப்பா எதிர்பார்ப்போடு வந்துவிடப் போகிறார்.

#26 மேகவேட்டை

என் கணிப்பு தவறியதற்கு மன்னிக்கவும். நட்சத்திரம் தெரிந்த பிறகும் விடியற்காலையில் கீழிருக்கும் பனி தடித்து உச்சி வரைக்கும் ஏறிவிடுவதுண்டு. பானை பொங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

#27 குளிர்காற்று

முக்கால் மணி நேரமா! அத்தையைவிட ஐந்து நிமிடம்தான் அதிகம். அம்மாவிடம் சொல்லுங்கள்.

#28 சைக்கிள்சாமி

பேத்தமங்கலா, வி.கோட்டா வழி ரோடு எப்படி இருக்கிறது? சைக்கிளுக்குக் கேட்கிறேன்.

#29 பாலாற்றங்கரை

வி.கோட்டா வரை சுமார். மலை இறக்கத்தில் லாரிகள் அதிகம், வளைவில் ஓரமாகப் போங்கள்.

#30 ஹாஸ்டல்பையன்

நானும் போய் வந்தேன், ரயிலில். ஸ்டேஷன் தாத்தா சொன்னதுபோலவே அழகு. கோயிலில் நேரம் போனது தெரியாமல் திரும்பும் வண்டியை விட்டுவிட்டேன். ஷேர் ஆட்டோவில் சிக்கபள்ளாப்பூர் போய், அங்கிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். மலைக்குப் போகவில்லை.